ரம்பம் நின்ற பிறகு

எங்கள் மில்லுக்குக் காலையில் ஆறு மணிக்கு வருவோம், மாலையில் ஆறு மணிக்குப் போவோம். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மிச்சம் பதினொன்று. விரல் விட்டு எண்ணத் தெரிந்த எவனுக்கும் இது புரியும். ஆனால் எங்கள் மில்லில் ரம்பம் பிடிக்கிறவர்களுக்கு ஒன்பது மணி நேரம்தான் வேலை என்று அரசாங்கப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. அப்படிச் சொன்னது முதலாளி இல்லை. அவருக்கு அவ்வளவு துணிச்சல் வந்திருக்காது. சொன்னவர் எங்கள் ரம்பக்காரர். அவர் உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டவன் நான்.

நான் மரம் அளக்கிறவன். வண்டியில் வந்து இறங்கும் அடிமரத்துக்கு நாடா பிடித்துச் சுற்றளவு பார்த்து, வெட்டுமுகத்தில் சுண்ணாம்பால் எண் எழுதுவது என் வேலை. ரம்பக்காரரும் நானும் ஒரே வரிசையில் அடுத்தடுத்த வீடு. நடுவில் மில்லில் கழித்துப் போட்ட பலகையால் அடித்த ஒரு சுவர். அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். எங்கள் வீட்டுச் சண்டைக்கு அவர் வீட்டில் நியாயம் சொல்வார்கள். அப்படி ஒரு அந்நியோன்யம்.

ரம்பக்காரர் கெட்டிக்காரர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு மரத்தை ஒரு முறை சுற்றி வருவார், விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டுவார், "உள்ள கணு இருக்கு, புரட்டிப் போடுங்கடா" என்பார். புரட்டி அறுத்தால் கணு பலகையில் வராமல் ஓரத்துச் சிராயோடு போய்விடும். அவர் அறுத்த பலகைக்குத் தச்சர்கள் இழைப்புளி அதிகம் போட வேண்டியதில்லை என்று வெளியூரிலிருந்து தேடி வந்து வாங்குவார்கள். இது அவருக்கும் தெரியும். அதுதான் வினை.

ரம்பக்காரர்களுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. ரம்பம் ஓடுகிற நேரத்தை மட்டும்தான் அவர்கள் வேலை என்பார்கள். காலையில் ஒரு மணி நேரம், பல் வைத்த வளையமான ரம்பப் பட்டையைத் தூக்கி இரண்டு சக்கரத்திலும் மாட்டி முறுக்கேற்ற வேண்டும். மாலையில் இஞ்சின் நின்ற பிறகு அதைக் கழற்றி, பிசினைச் சுரண்டி, ஒவ்வொரு பல்லாக அரம் போட்டுத் தீட்ட வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரம். இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது கேவலம் என்பது அவர்கள் எண்ணம். வாசலில் நுழைந்ததிலிருந்து எண்ணுகிறவன் மரம் தூக்குகிறவன்; தொழில் தெரிந்தவன் அப்படி எண்ண மாட்டான். "மூஞ்சி கழுவுறதுக்கு எவனாவது கூலி கேப்பானா?" என்பார் எங்கள் ரம்பக்காரர்.

ஒருநாள் நான் வம்புக்காக அவருடைய கூலியை ஒரு துண்டுச் சீட்டில் பதினொன்றால் வகுத்துக் காட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மரம் தூக்குகிறவனைவிட அவர் வாங்குவது பிசாத்து வித்தியாசம்தான் என்று வந்தது. அந்தத் துண்டுச் சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவர் மனைவியின் தம்பியும் அவர்களோடுதான் இருந்தான். இருபத்தாறு வயது. அக்கா கணவர் சிபாரிசில் மில்லில் சேர்ந்ததால் அவனை எல்லோரும் மச்சினன் என்றே கூப்பிட்டார்கள். முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் மச்சினன். "இத்தனை பேருக்கு மச்சினனா இருக்கேன், ஒருத்தனும் சீர் செய்ய மாட்டேங்கறான்" என்று சொல்லிச் சிரிப்பான். முதலில் மரம் தூக்கினான். பிறகு ரம்பக்காரர் அவனை ரம்பத்துக்குப் பின்னால் பலகை பிடிக்க எடுத்துக்கொண்டார். ரம்பத்துப் பக்கம் வந்ததும் அவனும் நேரத்தை எண்ணுவதை விட்டுவிட்டான். தொற்றுவியாதி.

கணக்கெடுப்புக்கு அதிகாரி வந்தது அந்தச் சமயத்தில். எந்தெந்தத் தொழிலில் எவ்வளவு கூலி, எத்தனை மணி நேரம் என்று ஊர் ஊராகப் போய் எழுதுகிறார்களாம். மரம் தூக்குகிறவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வரிசையாக நின்று, "பதினொண்ணு எசமான்" என்றார்கள். எழுதிக்கொண்டார். பிறகு ரம்பக்காரரைக் கூப்பிட்டார். "நீங்க தேர்ந்த தொழிலாளி. உக்காந்து பேசுங்க" என்றார். நான் நாற்காலி கொண்டுவந்தேன். ஆபீஸில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. முதலாளி எதிரே, மரம் தூக்குகிறவர்கள் வாசலில், மச்சினன் பின்னால்.

"உங்களுக்கு எத்தனை மணி நேரம் வேலை?"

"ஒம்போதுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அவங்க பதினொண்ணுங்கறாங்களே?"

"அவங்க வாசல்ல இருந்து எண்ணுறாங்க. ரம்பம் ஓடுனா எங்களுக்கு வேலை. ரம்பம் நின்னா வேலை முடிஞ்சுது."

"ரம்பத்தைத் தீட்டுறது, மாட்டுறது?"

"அது வேலைங்களா? ஆயுதத்தைப் பாத்துக்கறது. தொழில் தெரிஞ்சவன் அதையெல்லாம் நேரத்துல சேக்க மாட்டான்."

அதிகாரி தலையை ஆட்டி எழுதினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். ரம்பக்காரர் தன் பெயரை நிறுத்தி, அழகாக எழுதினார். முதலாளி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசுவானேன்? கேட்காமலே வரம் கிடைத்திருக்கிறது. நானும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. இந்த மனிதர் வீம்புக்கு அளவே இல்லையா என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மறுவருஷம் மழைக்காலத்தில் அது நடந்தது. மரமெல்லாம் ஊறிக் கிடந்தது. ஈர மரம் அறுத்தால் பட்டையில் பிசின் அப்பிக்கொள்ளும், கழற்றுவது பெரும்பாடு. ஐந்து மணிக்கு இஞ்சின் நின்றது. பட்டை பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. தள்ளிப் பார்த்து, எண்ணெய் விட்டு, முக்கால் மணி நேரம் போராடினார்கள். கடைசியில் மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கழற்றலாம் என்று ரம்பக்காரர் சக்கரத்தை உந்தினார். பட்டை ஒரு பக்கம் நழுவியது. மச்சினன் அதைப் பிடிக்கப் போனான். சக்கரம் இன்னும் அரைச் சுற்று மிச்சம் வைத்திருந்தது. வலது கை பட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய்விட்டது.

கட்டைவிரல் மட்டும் தப்பியது. நான்தான் கையைத் துணியில் சுற்றி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆறேகால் என்று நேரம் எழுதினார்கள். அப்போது அதை யார் கவனித்தார்கள்?

வேலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு உண்டு என்று சட்டம் இருந்தது. கை போனால் இரண்டு வருஷக் கூலிக்கு மேல் வரும் என்றார்கள். மச்சினன் கட்டு அவிழ்க்கும் முன்பே திட்டம் போட்டுவிட்டான். மில் எதிரே ஒரு விறகுக் கடை. கழிவுக் கட்டையை மொத்தமாக எடுத்துச் சில்லறைக்கு விற்பது. எடைக்கல் வைக்க இடது கை போதும். "யாரு கையையும் எதிர்பாக்க வேண்டாம்க்கா" என்று பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சொல்வது எனக்குக் கேட்டது. அதைவிட்டால் அவனுக்கு வேறு வழியும் இல்லை. வலது கை இல்லாதவனை எந்த மில் எடுக்கும்?

முதலாளியிடமிருந்து பதில் காகிதம் வந்தது. விபத்து நடந்தது ஆறு மணிக்குக் கிட்டத்தில் என்று ஆஸ்பத்திரிச் சீட்டே சொல்கிறது. எங்கள் மில்லில் ரம்பம் பிடிக்கிறவர்களின் வேலை ஐந்து மணிக்கு முடிகிறது. இது அரசாங்கப் புத்தகத்தில் உள்ளது. ஆகவே வேலை நேரத்துக்கு வெளியே நடந்ததற்கு மில் பொறுப்பில்லை.

ரம்பக்காரர் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியும். இன்னொருவர் வாயால் கேட்டால் வேறு மாதிரி இருக்குமோ என்று நினைத்தார் போலிருக்கிறது. படித்து முடித்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. மறுவாரமே மில்லில் ஒரு உத்தரவு போட்டார். இனிமேல் புத்தகத்தில் உள்ளபடியே எல்லோருக்கும் ஏழு மணிக்கு வேலை, ஐந்து மணிக்கு விடுதலை. கூலி குறையாது. ரம்பப் பட்டையைத் தீட்ட வேறு ஊர்ப் பட்டறைக்கு அனுப்பினார், கூலி கொடுத்து. காலையில் வந்து மாட்டிக் கொடுக்கவும் அங்கிருந்தே ஆள் வந்தான், அதற்கும் கூலி கொடுத்து.

எத்தனை வருஷமாகக் கேட்டுக் கிடைக்காதது அது! வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினோம். பிள்ளைகள் விழித்திருக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தோம். ஒருவன் வீட்டுக்குப் பின்னால் கீரை போட்டான். இன்னொருவன் பெண்டாட்டியோடு கடைத்தெருவுக்குப் போனான். நானும் கட்டிலில் காலை நீட்டித் தேநீர் குடித்துக்கொண்டே சூரியன் இறங்குவதைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

நஷ்ட ஈட்டு விசாரணைக்குச் சாட்சி வேண்டும் என்று ரம்பக்காரரின் மனைவி வீடு வீடாக ஏறி இறங்கியது அந்த நாட்களில்தான். ஐந்தேகாலுக்கு எல்லோரும் வீட்டில் இருந்ததால் அவளுக்கு ஆளைத் தேடும் சிரமம் இல்லை. "நாங்க வெளியில பலகை அடுக்கிட்டு இருந்தோம்மா, ரம்பத்துப் பக்கம் யாரு இருந்தா, என்ன பண்ணாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். ஒருவன் மட்டும் உள்ளதைச் சொன்னானாம். "இப்பத்தான் அஞ்சு மணிக்கு விடறாங்க. அதையும் கெடுத்துராத தாயி."

கடைசியாக என்னிடம் வந்தாள். நான் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆறு மணி வரைக்கும் உள்ள வேலை நடக்கும்னு. பொய் சொல்லச் சொல்லல."

"எனக்கு வேலை வாசல்லதானேம்மா. உள்ள நடக்கறது..."

"அவனைத் தூக்கிட்டு ஓடுனதே நீங்கதானே அண்ணே."

"தூக்குனது நெசந்தான். அது மனுஷனுக்கு மனுஷன் செய்றது. சாட்சின்னா கோர்ட்டு மாதிரி, நேரம் காலம் எல்லாம் கேப்பாங்க. நான் ஒண்ணு சொல்லி அது உங்களுக்கே பாதகமா..."

"எங்களுக்கு இதுக்கு மேல என்ன பாதகம் வரப்போகுது?"

என் மனைவி உள்ளேயிருந்து, "பொண்ணு ஸ்கூல் சம்பளம் கட்டணும்" என்று என்னிடம் சொல்வதுபோல அவளுக்குச் சொன்னாள். அவள் புரிந்துகொண்டாள்.

"நல்லா இருங்க அண்ணே" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேல் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

அன்று அவர்கள் வீட்டில் சண்டை. பலகைச் சுவர் எதையும் மறைக்கவில்லை.

"ஒருத்தன் வரமாட்டேங்கறான். நீங்கதான் போய்ச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லச் சொல்ற?"

"தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. ஒம்போது இல்ல, பதினொண்ணுன்னு சொல்லுங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்டி."

"கையெழுத்து உங்களுது. கை என் தம்பியோடது."

பிறகு மச்சினன் குரல் கேட்டது. "விடுக்கா. மாமா வேணும்னா செஞ்சாரு?"

"வேணும்னு செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நாலு பேரு முன்னாடி நாற்காலியில உக்காந்த ஜோருல சொல்லிட்டாரு. என்னமோ இவரு ராஜாவாம், மத்தவன் எல்லாம் கூலிக்காரனாம்."

விசாரணைக்கு முந்திய நாள் முதலாளி ரம்பக்காரரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். நான் அளவுச் சீட்டு கொடுக்கப் போயிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை. "உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல" என்றார் முதலாளி. "மனசுல பட்டதைச் சொல்லுங்க. உங்களை வேலையை விட்டு நிறுத்துவேன்னு நெனைக்காதீங்க. உங்களை மாதிரி ரம்பம் பிடிக்க இந்தப் பக்கத்துல யாரு இருக்கா?" மிரட்டியிருந்தால் ரம்பக்காரர் எதிர்த்து நின்றிருப்பார். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

விசாரணையை வேடிக்கை பார்க்கிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். சாட்சிக்கு வராதவன் வேடிக்கை பார்க்க வந்தேன். மச்சினனும் அவன் அக்காவும் சொன்னதை, சம்பந்தப்பட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று மில் வக்கீல் ஒதுக்கிவிட்டார். பிறகு ரம்பக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"ஆறுக்கு வருவோம், ஆறுக்குப் போவோம். அன்னிக்கு நான்தான் பட்டையைக் கழட்டச் சொன்னேன். அவன் என் கூட வேலைதான் செஞ்சுட்டு இருந்தான்."

வக்கீல் படிவத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"ஒன்பது மணி நேரம்னு சொல்லச் சொல்லி முதலாளி மிரட்டினாரா?"

"இல்லைங்க."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

ரம்பக்காரர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருமைக்குச் சொன்னேங்க."

பெஞ்சில் யாரோ சிரித்தான். அந்த மனிதர் வாழ்நாளில் சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்தை அங்கே கொட்டிவிட்டார் என்று அவனுக்குத் தெரியாது. வக்கீல் சிரிக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

"சரி. பெருமைக்குச் சொன்னீங்கன்னே வெச்சுக்குவோம். அந்த ரெண்டு மணி நேரத்துக்குக் கூலி வாங்குனீங்களா?"

"இல்லைங்க. அதை நாங்க கூலில சேக்கறதில்ல."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு வருஷமா."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவையாவது அதுக்குக் கூலி குடுங்கன்னு கேட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"கூலி இல்லாத நேரம் எப்படிங்க வேலை நேரம் ஆகும்?"

ரம்பக்காரர் தடுமாறினார். ஆனால் அசடு இல்லை. "இப்ப அதே வேலையை வெளியில காசு குடுத்துச் செய்றாங்களே, அது வேலை இல்லைங்களா?"

"வேலைதான்" என்றார் வக்கீல், "கூலி குடுக்கறதால."

விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அந்த இளைஞன் வேலை முடிந்த பிறகு உறவினருக்கு உதவியாகத் தானாக நின்றபோது அடிபட்டான். நஷ்ட ஈடு இல்லை. முதலாளி மனிதாபிமானத்தோடு மூன்று மாதக் கூலி தர முன்வந்திருப்பது பதிவு செய்யப்படுகிறது. மூன்று மாதக் கூலி ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் பட்ட கடனில் பாதியை அடைத்தது. விறகுக் கடைப் பேச்சு அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் மில் பலகையில் அறிவிப்பு தொங்கியது. பழையபடி ஆறுக்கு ஆறு. எல்லோரும் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சாட்சிக்கு வராமல் காப்பாற்றிய அந்த இரண்டு மணி நேரம் மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போய்விட்டது. கீரை போட்டவன் மட்டும், "நாசமாப் போக" என்று முணுமுணுத்தான். யாரைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும்.

அன்று ஐந்து மணிக்கு இஞ்சின் நின்றது. ரம்பக்காரர் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் நானும் பின்னாலேயே போவேன் என்று வீரம்கூட வந்தது. ஆனால் அவர் வீட்டில் மூன்று வாய், சம்பாதிக்கிற கை அவருடையது மட்டும். கொஞ்ச நேரத்தில் புதிதாக வந்த பலகை பிடிக்கிறவனைக் கூப்பிட்டு, "சக்கரம் முழுசா நிக்கட்டும். நான் சொன்னப்புறம் கை வை" என்றார். பட்டையைக் கழற்றினார்கள். பிசினைச் சுரண்டினார். அரத்தை எடுத்து முதல் பல்லில் வைத்தார். ஆறு அடிக்கும் வரை அந்தக் கீச்சென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சுண்ணாம்பால் எண் எழுதினேன்.

வீட்டுக்குச் சேர்ந்து நடந்தோம். எனக்குப் பேச யோக்கியதை இல்லை. அவர் வீட்டு வாசலில் மச்சினன் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதி சோறு சட்டையில். அவர் மனைவி மூன்று மாதப் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"ஏங்க இன்னிக்கு இவ்வளவு நேரம்?"

ரம்பக்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் சொன்னான். குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"மாமாவுக்கு வேலை அஞ்சு மணிக்கே முடிஞ்சுபோச்சுக்கா. அதுக்கப்புறம் சும்மா நின்னுட்டு வர்றாரு."

ரம்பக்காரர் குனிந்து, அவன் சட்டையில் கிடந்த சோற்றை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"ஆமா மாப்ள" என்றார். "சும்மாதான் நின்னேன்."